பனித்துளி வேண்டாம்

"கோழிப்பண்ணைன்னு நினைச்சிடுவாங்க" என்றான் பேக்கரிக்காரன்.

எங்கள் பேண்டுக்கு டெய்லர் ஆசை ஆசையாகச் சொன்ன 'பறவைகள்' என்ற பேர் அதோடு செத்துப் போனது.

அதற்கு முன்னால் அவர் சொன்னது 'கானமழை'. அது குடைக்கடைப் பேராம்.

நாங்கள் நான்கு பேர். டெய்லர் கிட்டார், பேக்கரிக்காரன் கீபோர்டு, லாரி ஓட்டும் நான் டிரம்ஸ். பாடுவது வெல்டர். மனுஷனுக்குப் பேசினால் திக்கும். பாடினால் தண்ணீர் மாதிரி ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் டெய்லர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளி வைத்து வாசிப்போம். அடுத்த வாரம் முதல் மேடை. இந்தப் பேச்சு நடந்த அன்றே சாயங்காலத்துக்குள் பேரைச் சொன்னால்தான் நோட்டீஸில் போடுவார்கள்.

பேக்கரிக்காரனை எனக்கு ஆகாது. பழைய பேண்டில் இருந்தபோது, ஒரு கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னாலும், "அண்ணே, மெதுவா அடிங்க, மாப்பிள்ளை காதைப் பொத்திக்கிறார்" என்றான். அந்த மாப்பிள்ளைக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடமும் போகின்றன. நான் இன்னும் மறக்கவில்லை.

"நான் ஒரு பேர் கொண்டாந்திருக்கேன்" என்றேன். "பனித்துளி."

என் மனைவி கொடுத்த பேர். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவளுக்கு அதே யோசனை. "இதைத்தான் வைக்கிறோம். எவன் மறுத்துப் பேசறான்னு பார்க்கிறேன்" என்று அவளிடம் மீசையைத் தடவிக்கொண்டு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"அட, ஜில்லுனு இருக்கே!" என்றார் டெய்லர்.

"நீங்க சொல்லுங்க வெல்டர்."

வெல்டர் கட்டைவிரலை உயர்த்தினார். வாயையும் திறந்தார். அதற்குள் பேக்கரிக்காரன் முந்திக்கொண்டான்.

"ஐஸ் கம்பெனி பேர் மாதிரி இருக்கு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? நீ ஒண்ணு சொல்லேன், கேப்போம்."

"ஞாயிறு."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமைதானே சேர்றோம்? அதான்."

"புதன்கிழமை சேர்ந்தா புதன்னு வைப்பியா? பேண்டுக்குப் பேர் கேட்டா காலண்டரைக் கிழிச்சுக் குடுக்கறான்!"

டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தார். அவன் முகத்தில் அசைவே இல்லை.

"பனித்துளின்னா நான் வாசிக்கலை" என்றான்.

"பனித்துளி இல்லைன்னா நான் வாசிக்கலை."

"ரெண்டு பேரும் போயிட்டா நான் தையல் மெஷினையா வாசிக்கறது?" என்று டெய்லர் கெஞ்சினார். நான் காதில் வாங்கவில்லை. குச்சிகளைப் போட்டுவிட்டு, ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே வந்துவிட்டேன்.

லாரிக் கதவைத் திறக்கும்போது பேக்கரிக்காரன் பின்னாலேயே வந்து நின்றான்.

"அண்ணே, மேடையில நம்ம பேரை யார் சொல்றது?"

"பாடுறவர்தான். இதென்ன கேள்வி?"

"வெல்டரண்ணனுக்குப் பானாவிலயும் கானாவிலயும் ஆரம்பிக்கிற வார்த்தை வராதுண்ணே."

நான் கதவிலிருந்து கையை எடுத்தேன்.

"தினம் காலையில என் கடைக்கு பன் வாங்கத்தான் வர்றார். அந்த வார்த்தை வராம, ரஸ்க் வாங்கிட்டுப் போறார். நானா பன்னை எடுத்து நீட்டினா, 'ரஸ்க்தான் வேணும்'னு முறைக்கிறார். அவங்க வீட்டுல ரஸ்க்கை யாரும் தொடறதே இல்லையாம்."

"அப்ப பேரை நீயே மைக்கில சொல்லிடேன்."

"தானே சொல்லணும்னு அவருக்கு ஆசைண்ணே. 'வணக்கம், நாங்க'ங்கிற வரைக்கும் கண்ணாடி முன்னால நின்னு பழகி வெச்சிருக்காராம். அவங்க வீட்டு அக்கா சொன்னாங்க. நாம எந்தப் பேரைச் சொன்னாலும் விரலைத் தூக்கிடுவார். ஆனா பனித்துளின்னு நோட்டீஸ்ல வந்துச்சுன்னு வைங்க, அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல் வந்துடும். ஞாயித்துக்கிழமைங்கிறதை மட்டும் நிக்காம சொல்றார், கவனிச்சிருக்கேன். தனக்காகன்னு தெரிஞ்சா அப்புறம் பாடவே வரமாட்டார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"இதை என்கிட்ட முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ரகசியம் பேசினா பக்கத்துத் தெருவுக்குக் கேக்குமேண்ணே."

இதையும் மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

உள்ளே போய்க் குச்சிகளை எடுத்தேன். "ஞாயிறே இருந்துட்டுப் போகட்டும்."

டெய்லர் வாயைப் பிளந்தார். "அப்ப பனித்துளி?"

"யோசிச்சுப் பார்த்தேன். ஐஸ் கம்பெனிதான்."

வெல்டர் மைக்கைக் கையில் எடுத்தார். "வணக்கம். நாங்க ஞாயிறு" என்றார், சும்மா சொல்லிப் பார்ப்பது போல. பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக. பேக்கரிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத தூசியைக் கீபோர்டிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போனதும் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, பனித்துளிதானே?"

"இல்லை. ஞாயிறு."

அவள் முகம் சுருங்கிப் போனது. கையிலிருந்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எவன் வேண்டாம்னது? அந்த பேக்கரிக்காரன்தானே? நீங்க அவனைப் பத்தி இத்தனை நாளாச் சொன்னப்பல்லாம் நான்தான் நம்பலை. நாளைக்கு ரொட்டி வாங்கப் போவேன்ல, கடையில கூட்டம் நிக்கறப்பவே நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன், பாருங்க."

அவனை யாராவது அப்படிக் கேட்கமாட்டார்களா என்று நான் வருஷக்கணக்காகக் காத்திருந்தேன்.

"அவன் ஒண்ணும் சொல்லலை" என்றேன். "வேண்டாம்னதே நான்தான்."