பொறிவண்டு விட்ட கறை

புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது என்று விரதம் இருக்கும் வீட்டில், வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை இருந்தால் எந்த மனைவிதான் சும்மா இருப்பாள்?

"ஏங்க, சிவாஜிநகர்ல பிரியாணி சாப்பிட்டீங்களா?" சட்டையின் தோள்பக்கத்தைக் காட்டினாள் தமயந்தி.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பாலசுப்ரமணியன் அசரவில்லை. அவர் கல்லூரிக்குப் போடுவதெல்லாம் வெள்ளைச் சட்டைதான். சோபாவில் சாய்ந்தபடியே சிரித்தார்.

"பிரியாணியா? அது பொறிவண்டு பண்ணின வேலை. நேத்து காலேஜ் தோட்டத்துல தோள்ல வந்து உட்கார்ந்துச்சு, தட்டிவிட்டேன்."

"வண்டு கறை விடுமா?"

"விடும். முதுகுல சிவப்பா மூடி மாதிரி இருக்கே, அது கெட்டி இறக்கை. பறக்கிற இறக்கை அதுக்கு அடியில மடிஞ்சிருக்கும். 'என்னைத் தின்னா கசக்கும்'னு எச்சரிக்கத்தான் அந்தச் சிவப்பு. மீறித் தொட்டா, கால் மூட்டுலேர்ந்து மஞ்சளா ரத்தத்தைக் கசியவிடும். நாத்தத்துல எறும்புகூட ஓடிடும்."

"அதுக்கும் பயப்படலேன்னா?"

"காலை மடக்கிட்டுச் செத்த மாதிரி கிடந்துடும்."

வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

தமயந்தி சட்டையின் காலரைத் திருப்பினாள். விலைச்சீட்டு தொங்கியது.

"தீபாவளிக்கு எடுத்த சட்டைங்க இது. நீங்க இன்னும் போடவே இல்ல. நேத்து உங்க கையில பட்டை லவங்க வாசனை வந்துச்சு. அதான், காலையில நானே மஞ்சளைக் கரைச்சு ஒரு சொட்டு விட்டேன்."

பாலசுப்ரமணியன் கால்களை மடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, சோபாவில் அசையாமல் கிடந்தார்.