பதினேழாவது பேட்டி

எண்பத்து நான்காம் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது.

'பேட்டி 17. மலர் (பெயர் மாற்றப்பட்டுள்ளது). வயது 41. வீட்டு வேலை.'

வேறொரு பல்கலைக்கழக மாணவி எழுதி, மதிப்பீட்டுக்கு வந்த ஆய்வேடு. குடும்பத்தை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும், போகத் தயாராகும் பெண்களைப் பற்றியது. முப்பது வருடமாக அவள் எழுதிவருவதும் அதைத்தான். அந்த விஷயத்தை யார் தொட்டாலும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும்.

'ஐயா படுத்த படுக்கை. கிரிக்கெட் ஸ்கோர் சொன்னாத்தான் ஷேவ் பண்ண விடுவாரு. மேட்ச் இல்லாத நாள்ல நானே ஒரு ஸ்கோரை அடிச்சு விடுவேன்.'

மலராவது ஒன்றாவது. ஜெயமேரி!

சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு வருடமாக அதை ஓட்டுகிற ஜெயமேரி.

தன் கணவர் அறையிலிருந்து காலையில் ஸ்கோர் கேட்கும். டிவி என்றல்லவா நினைத்திருந்தாள்.

'அம்மா எங்களப் பத்திதான் புஸ்தகம் எழுதுறாங்களாம். என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. என்னை உக்கார வெச்சுப் பேசுனது நீதான் கண்ணு.'

காது சுட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த வரியையும் படித்தாள்.

'பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சதும் குவைத் போறேன். அம்மாவுக்குத் தெரியாது. நீயும் சொல்லிடாத.'

ஜெயமேரி மகளின் பரீட்சை நேற்றோடு முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் பேனா வாங்கிக் கொடுத்ததே இவள்தான்.

நாளைக்குக் கணவர் ஷேவ் பண்ண யாரிடம் முகத்தைக் காட்டுவார்? யாரை வைத்துச் சமாளிப்பது? ஜெனீவா கருத்தரங்குக்கு டிக்கெட் வேறு எடுத்தாயிற்று.

கேட்கவும் முடியாது. பேட்டி கொடுத்தவர் யாரென்று தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அவளே போர்டில் எழுதுகிற விதி. அடிக்கோடு வேறு போடுவாள்.

மிக்ஸி நின்றது.

ஆய்வேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜெயமேரி காபியை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று கேட்பதற்காக. எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்பாள்.

எதையும் கேட்கக் கூடாது.

அவள் எதையும் கேட்கவில்லை. எதிரில் கிடந்த நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள்.

“உக்காரு மேரி.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

ஜெயமேரி நாற்காலியைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த தடிப் புத்தகத்தைப் பார்த்தாள். அவள் உட்காரவில்லை.

“பேட்டி எடுத்த பொண்ணு சொல்லிடுச்சாம்மா?”