சிவகாமியின் சக்கரத் தட்டு

யுத்த காலம். வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தபோது காப்புரிமைப் பரிசோதகர் ஸ்ரீஸ்கந்தராஜா களைத்துப்போயிருந்தார்.

நர்ஸ் சிவகாமி, தான் செய்து காப்புரிமை கேட்டிருந்த சக்கரத் தட்டைக் காட்டினாள். கர்ப்பிணிகளைப் பார்க்கும் சிறிய ஸ்கேன் மெஷினை அதில் பூட்டிவிட்டால், தொழிலாளர் லயத்துக் கல்பாதையிலும் குலுங்காமல் தள்ளிக்கொண்டு போகலாம்.

அவருக்குப் பிடித்துவிட்டது.

"நல்ல வேலை, பிள்ளை. இதுக்கு முந்தி ஆராவது இதைப் பாவிச்சிருக்கினமோ?"

"நாங்களே ரெண்டு மூணு வருசமா பாவிக்கிறோம் சார்."

எழுதிக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்தார். "யோசிச்சுச் சொல்லும். ஏற்கெனவே வெளியில பாவிச்ச சாமானைப் புதுசு எண்டு எடுக்க மாட்டம். காப்புரிமை கிடைக்காது."

"உக்குவளையிலயும் ஒண்ணு இருக்கு சார். பலாபத்வல கிளினிக்குக்கு நான்தான் அளவு குடுத்தேன்."

"விளங்கேல்லையோ? நீர் சொல்லச் சொல்ல உம்மட உரிமைதான் போகுது!"

"விளங்குது சார்."

அவர் சலிப்போடு பேனாவை மூடினார். "அப்ப நிராகரிக்கத்தான் வேணும். இனி ஆரும் இதுக்கு உரிமை கேக்கேலாது. விரும்பின ஆக்கள் செய்யலாம்."

சிவகாமி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதை எழுத்துல குடுத்துருங்க சார். போன மாசம் ஒரு கம்பெனிக்காரரு வந்து இதைப் படம் புடிச்சிட்டுப் போனாரு. அவரு பேர்ல பதிஞ்சுட்டா, எல்லாத் தோட்டமும் அவருகிட்டதான் வாங்கணுமாம். அதனாலதான் நான் முந்திக்கிட்டு மனுப் போட்டேன்."