படகில் ஒன்பதாவது ஆள்

முன்னோட்டக் காட்சிக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். இயக்குநரும் எடிட்டரும் முன்வரிசையில். நாவலாசிரியரும் மனைவியும் பின்வரிசையில், நடுவே ஒரு நாற்காலி விட்டு.

திரையில், மந்திரப் படகில் எட்டுப் பேர் ஏறினார்கள். அக்கரையில் ஒன்பது பேர் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் பள்ளிச் சீருடையில், சொட்டச் சொட்ட நனைந்த சிறுமி.

"மந்திரப் படகுன்னா குட்டி போடுமாய்யா? யாரு இந்தப் பொண்ணு?" என்றார் இயக்குநர்.

"நாவல்லயும் இல்ல, நாம எடுக்கவும் இல்ல சார். அடுத்த வாரம் வெட்டிடறேன்," என்றார் எடிட்டர்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஆற்றில் மூழ்கிய நாவலாசிரியரின் மகள், அதே வயதில்.

வீட்டுக்கு வந்ததும் நாவலாசிரியர் இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். திருத்த வேண்டிய பிழைகள் ஆறு. ஏழாவதாக: 'படகில் ஓர் ஆள் கூடுதல். பிழைதான். தயவுசெய்து திருத்த வேண்டாம்.'

"ஏங்க, துவட்டிக்க ஒரு துண்டு குடுக்கச் சொல்லி எழுதுங்க. அவளுக்குச் சட்டுனு சளி பிடிச்சுக்கும்," என்றாள் மனைவி.

அதை எட்டாவதாக எழுதி, உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டார்.