முதல் பக்கத்து நாலு வரி

"டைரியை வெச்சுக்குங்க. இந்த ஆல்பத்தைக் குப்பையில போடுங்க. அப்பதான் கையெழுத்து!"

ஃப்ரீடா பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வயது எழுபத்திரண்டு. அவளுடைய பொறாமைக்கு எழுபது. எதிரே உட்கார்ந்திருந்த தங்கை செல்மாவின் வயதும் அதுதான்.

அமெரிக்காவில், கிளீவ்லண்ட் நகரத்தில், யூதக் குடும்பங்களின் பழைய எழுத்துகளைச் சேர்த்துப் பாதுகாக்கிற சங்கம் அது. ரஷ்யாவில் மின்ஸ்க் பக்கமிருந்து கப்பலேறி வந்த அம்மா கித்தெல், பதினோரு டைரிகளும் தலையணை கனத்தில் ஒரு ஆல்பமும் விட்டுப் போயிருந்தாள். இரண்டு மகள்களும் கையெழுத்துப் போட்டால்தான் சங்கம் வாங்கிக்கொள்ளும்.

"இப்படி ஒரு ஆல்பம் கிடைக்கிறதே அபூர்வம்மா," என்றாள் சங்கத்து மிரியம், ஒரு டைரியில் தாள்களைக் குத்தி வைத்திருந்த துருப்பிடித்த ஊசியைப் பதமாக உருவிக்கொண்டே.

"என்ன அபூர்வம்? புரட்டிப் பாருங்க. செல்மாவுக்குப் பல்லு விழுந்தது. செல்மா பியானோ வாசிச்சது. செல்மா முடி வெட்டினது, அந்த முடியைக்கூட அம்மா ஒட்டி வெச்சிருக்கா! நான் எங்கே? அந்த வீட்டுல நான் பொறக்கவே இல்லையா?"

"பொறந்தே அக்கா, பொறந்தே. குரங்குமூஞ்சின்னு அம்மா கூப்பிடுவாளே, மறந்துட்டியா?" செல்மா சிரித்தாள்.

மறக்குமா? வீட்டுக்கு யார் வந்தாலும், "இது கிடக்குது குரங்கு, இதுல பார்க்க என்ன இருக்கு" என்று அம்மா அவளைச் சமையலறைக்குள் தள்ளிவிடுவாள். படம் எடுக்கிறவர் வந்த அன்றும் உள்ளே உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தது அவள்தான். வெளியே செல்மாவுக்குப் புது வெல்வெட் கவுன்.

"டைரியிலயாவது நான் இருக்கேனா?"

மிரியம் தயங்கினாள். "பதினொண்ணையும் படிச்சுட்டேன். அப்பாவோட தையல் கடை வருது, மீன் விலை வருது, செல்மா வர்றாங்க... உங்க பேர் எங்கேயும் வரலைம்மா."

"கேட்டியாடி? மீனுக்கு இருந்த மரியாதைகூட எனக்கு இல்லை!"

செல்மா ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்து மிரியம் பக்கம் தள்ளினாள். அதில் தொட்டிலில் கிடக்கும் செல்மாவின் படம். அதற்குக் கீழே அம்மா பென்சிலால் எழுதிய நாலு வரி, யூதர்கள் வீட்டில் பேசும் யிட்டிஷ் மொழியில். அக்கா தங்கை இருவருக்கும் அந்த மொழி பேசத்தான் வரும், எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அம்மா, "நல்லதுதான்" என்று மட்டும் சொல்வாள். அது தனக்கு அம்மா எழுதிய வாழ்த்து என்று செல்மா பேத்திகள்வரை சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

"இதைச் சத்தமாப் படிங்க. அக்காவும் கேட்கட்டும். அப்புறம் எப்படிக் குப்பையில போடச் சொல்றான்னு பார்க்கிறேன்."

மிரியம் முதலில் மனசுக்குள் படித்தாள். முகம் மாறியது.

"படிச்சே ஆகணுமா?"

"படிங்கம்மா!"

மிரியம் மெதுவாகப் படித்தாள்.

"'முதல் மூணு பிள்ளைங்களையும் ஊரே கொஞ்சிச்சு. கண்ணு பட்டு மூணும் மண்ணுக்குப் போச்சு. பெரியவ எனக்கு நாலாவது. அவளைப் படம் எடுக்க மாட்டேன், அவ பேரை எங்கேயும் எழுத மாட்டேன், அழகுன்னு வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டேன். பார்க்கிற கண்ணெல்லாம் சின்னவ மேல விழட்டும். என் பெரியவ பிழைச்சுக் கிடக்கட்டும்.'"

ஃப்ரீடா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்து, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். பிறகு பேனாவைத் தங்கையிடம் நீட்டினாள்.

செல்மா அதை வாங்கவில்லை.

"டைரியை வெச்சுக்குங்க," என்றாள் மிரியத்திடம். "இந்த ஆல்பத்தைக் குப்பையில போடுங்க."