தமர் விட்டுவைத்த நெல்லளவு

நாகசுரம் ஆவதற்காக வந்த ஆச்சாமரக் கட்டையைத் துளைபோடும் தமர் குடைந்தது. இன்னும் ஒரு நெல்லளவு அகலம் குடைய வேண்டியிருக்கும்போதே வெளியே வந்துவிட்டது.

“என்ன அண்ணே, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?” என்று கட்டை சிரித்தது.

தமர் போய் ஆணியில் தொங்கியது.

கட்டை பரணில் ஒரு வருஷம் காய்ந்தது. காயக் காய உடம்பு முறுக்கி, துளை கோணிப்போனது. கோணிய கட்டைகள் அடுப்புக்குப் போவதை அது பார்த்திருந்தது.

தமர் மறுபடி வந்தபோது, “அண்ணே, கோணிட்டேன். அடுப்புதானா?” என்றது கட்டை.

“கோணுவேன்னு தெரியும். இன்னைக்குச் சீவி நேராக்கத்தான் அந்த நெல்லளவை விட்டுவச்சேன்.”

“உங்களைப் போய்க் கேலி பண்ணேனே!”

“அழாதே, ஈரம் ஆகாது. அசையாம இரு.”

கட்டை சொல்ல நினைத்த நன்றியெல்லாம், அது நாகசுரமான பின் முதல் ஊதலில் வந்தது. ஆணியில் தொங்கிய தமர் லேசாக அதிர்ந்தது.