திறந்த குழாய்

சோப்பு நுரைத்ததும் அவள் கை தானாகச் சென்று குழாயை மூடியது.

அறை சட்டென்று அமைதியானது.

தேர்வு நடத்த எதிரே நின்ற சிஸ்டரின் முகத்தை அதன் பிறகுதான் பார்த்தாள். முகத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. பேனா மட்டும் தாளின் மேலே அசையாமல் நின்றது.

அவள் தொடர்ந்தாள். உள்ளங்கையோடு உள்ளங்கை. புறங்கை. கோத்த விரல்களின் இடுக்கு. முட்டி, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. ஒன்றும் பிசகவில்லை. நுரை படிந்த விரல்களால் குழாயைத் திறந்து கைகளை அலம்பினாள். மூடினாள். இரு கைகளையும் உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

“குழாய ஏம்மா நடுவுல மூடுன?”

கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. ஓடுகிற குழாயை மூடுவதற்குக் காரணம் வேண்டும் என்று அவள் அதுவரை எண்ணியதில்லை.

“தண்ணி வீணாப் போவுதே, சிஸ்டர்.”

சன்னலோரம் உட்கார்ந்திருந்த இன்னொரு ஆசிரியை சிரித்துவிட்டார். “இவள நாம எடுக்கலன்னா குடிநீர் வாரியத்துல கூப்ட்டு வேலை குடுத்துருவாங்க.”

சிஸ்டர் சிரிக்கவில்லை.

“அழுக்குக் கையால தொறந்த குழாய். கழுவற கையால அதையே திரும்பத் தொட்டா, கழுவுனதுக்கு அர்த்தம் என்ன? அந்தக் கையோட போயிப் பச்சக் குழந்தையத் தூக்குவியா? கடைசி வரைக்கும் தண்ணி ஓடணும். முடிஞ்சதும் முழங்கையால தள்ளி மூடணும். இந்தப் பிடிய எதுக்கு இவ்ளோ நீளமா வச்சிருக்காங்க?”

அவள் பிடியைப் பார்த்தாள். நீளமாகத்தான் இருந்தது.

சிஸ்டர் எழுதினார். எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை.

“அடுத்த பொண்ண வரச் சொல்லு.”

அடுத்த பெண் யுவராணி.

அந்தச் சமுதாயக் கல்லூரியில், செவிலியர் உதவியாளர் படிப்புக்கான சேர்க்கை முன்பே முடிந்திருந்தது. சேர்ந்தவர்களில் ஒருத்தி விலகிக்கொண்டதால் ஓரிடம் காலி. காத்திருந்தவர்கள் இருவர். இருவருக்கும் எர்ணாவூரில் ஒரே தெரு.

லாரித் தண்ணீருக்கு நிற்கும் வரிசையில்தான் இருவரும் கைகழுவும் முறையைப் பழகினார்கள். அரசு மருத்துவமனையின் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த படத்தை யுவராணி கைப்பேசியில் பிடித்து வந்திருந்தாள். குடத்தைக் காலால் நகர்த்திக்கொண்டே, வெறுங்கையை வெறுங்கையால் தேய்த்துக்கொண்டே நின்றார்கள். ‘லாரி வர்றதுக்குள்ள கையே தேஞ்சிரும்டி’ என்பாள் யுவராணி. வரிசை மொத்தமும் சிரிக்கும்.

படத்தில் கைகள் மட்டும் இருந்தன. குழாய் இல்லை.

இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அவள் இறால் உரிக்கும் கூடத்துக்குத் திரும்ப வேண்டும். பனிக்கட்டி நீரில் ஊறி ஊறி நகத்தைச் சுற்றிய தோல் அங்கேதான் வெளுத்தது. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க அவளுக்கு வயது கடந்துவிடும்.

யுவராணி சின்னவள். அவளுக்கு இன்னும் ஆண்டுகள் இருந்தன.

அறைக்கும் யுவராணி காத்திருந்த பெஞ்சுக்கும் இடையே இருந்த தாழ்வாரம் சிறியது. இவ்வளவையும் நினைத்து முடிக்க அது போதுமானதாக இருந்தது.

யுவராணி எழுந்து வந்தாள்.

“இன்னாடி கேட்டாங்க? மூஞ்சியே சரியில்ல.”

அவள் துப்பட்டா நுனியில் கைகளைத் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்தாள்.

“சொல்லித் தொலையேன்.”

குழாயைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம் முழுதாக உருக்கொண்டு நாக்கு நுனியில் நின்றது. சொல்வதற்கு ஒரு மூச்சுகூட வேண்டியதில்லை.

“கையக் கழுவிக் காட்டச் சொல்வாங்க.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

“அட லூசு! இதுக்கா இந்த மூஞ்சி?” யுவராணி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். “கையி தூக்கத்துல கூடப் பண்ணுமேடி அத.”

உள்ளே போனாள். பின்னால் கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளவில்லை.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

குழாய் திறந்தது. தொட்டியின் அடியில் தண்ணீர் விழும் ஓசை தாழ்வாரம் வரை வந்தது.

மடியில் கிடந்த கைகள் அவளைக் கேளாமலே தொடங்கின. உள்ளங்கையோடு உள்ளங்கை.

தண்ணீர் ஓடியது.

புறங்கை.

ஓடியது. ஓடட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். மறுகணம், நின்றுவிடட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே தெரிந்தது.

விரல்களைக் கோத்தாள்.

ஓசை நின்றது.

கோத்த விரல்களை அவள் பிரிக்கவில்லை.